ஒரு கோட்டுக்கு இரண்டு ஆழம்

பெரிய மாப்பிள்ளையை அவருடைய மாமனார் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். இதில் அவருக்கு இருக்கும் மனக்குறை கொஞ்சநஞ்சமில்லை. ஆகவே இந்தக் கதையிலாவது அவரை 'அவர்' என்றே சொல்லிவிடுவோம். நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கல்யாணமான புதிதில் அவரும் 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை'தான். மாமனார் நடத்திய பழச்சாறு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் கொஞ்ச காலம் அந்த 'ங்க' நீடித்தது. ஒருநாள் பம்ப்பில் குழாய் கழன்று, சாற்றைப் பீய்ச்சிக்கொண்டு துள்ள ஆரம்பித்தது. மாமனார் தன்னை மறந்து, "பிடிடா டேய், விட்டுறாதடா" என்று கத்தினார். அவர் பாய்ந்து பிடித்தார், விடவில்லை. குழாயை மாட்டியாயிற்று, தரையைக் கழுவியாயிற்று, எல்லாம் பழையபடி ஆயிற்று. அந்த 'டா' மட்டும் திரும்பிப் போகவில்லை.

அதுவும் பழகிப்போயிருக்கும், இரண்டாவது பெண்ணை ஒரு வாத்தியாருக்குக் கட்டிக் கொடுக்காமல் இருந்திருந்தால்.

சின்ன மாப்பிள்ளை பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஷெட்டுக்கு வருவார். அவர் தலை வாசலில் தெரிந்ததுமே மாமனார் எழுந்து, தோளில் கிடக்கும் துண்டால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைப்பார். காலையில் துடைத்த அதே நாற்காலிதான், நடுவில் யாரும் அதில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் துடைப்பார். வாத்தியாருக்குக் கண்ணாடி டம்ளரில், கீழே ஒரு சாசர் வைத்து, டீ வரும். பெரிய மாப்பிள்ளை கவிழ்த்துப் போட்ட பாட்டில் பெட்டியின் மேல் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார். ஒரே பாத்திரத்தில் போட்ட டீதான். இருந்தாலும் சாசரில் போகிற டீயில் பால் கூடுதலாக இருப்பதுபோல் அவர் கண்ணுக்குத் தெரியும்.

"உன் தங்கச்சி புருஷனுக்கு மட்டும் எதுக்கு சாசர்?" என்று ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது மனைவியிடம் கேட்டேவிட்டார்.

"உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தரேன். அதுல ஊத்தி ஊத்திக் குடிங்க. வயித்தெரிச்சல் கொஞ்சம் ஆறும்" என்றாள் அவள், ரசித்துச் சிரித்துக்கொண்டே. அன்றைக்கு அவர் மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். மோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஷெட் இரண்டு மட்டமாக இருந்தது. தெருவை ஒட்டிய மேல் அறையில் பழக்கூழையும் சர்க்கரைத் தண்ணீரையும் கலக்கும் பெரிய அண்டா, அதன் தலையில் ஓயாமல் இரையும் மோட்டார். பக்கத்தில் ஒரு குறுகிய படிக்கட்டு. அதில் இறங்கினால் குளிர் அறை. அங்கே படுத்த வாக்கில் ஒரு டேங்க், ஆள் உயரத்தைத் தாண்டிய வட்டமான எவர்சில்வர் உருளை. மேலே கலந்த சாறு குளிர்விக்கும் குழாய் வழியாக இறங்கி இந்த டேங்க்கில் தங்கும். பிறகு பாட்டிலுக்குப் போகும். பெரிய மாப்பிள்ளை எப்போதும் மேலேயும் கீழேயுமாக ஓடிக்கொண்டிருப்பார். அதனால் மாமனார் தேவைப்படும்போதெல்லாம் படிக்கட்டின் தலைப்பில் நின்று, "எங்கடா இருக்க? மேலயா, கீழயா?" என்று ஒரு குரல் கொடுப்பார். மோட்டார் இரைச்சலில் நீட்டி முழக்கிப் பேச முடியாது. அவரும் 'மேல' என்றோ 'கீழ' என்றோ ஒரே சொல்லில் பதில் கொடுப்பார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. "இடமிருக்காடா?" அண்டாவில் கலவை தயாரானதும், அதை இறக்க டேங்க்கில் இடம் இருக்கிறதா என்று மாமனார் கேட்பது. பெரிய மாப்பிள்ளை டேங்க்கின் மேல் ஏறி மூடியைத் திறந்து, அளவுகோலை நட்டக்குத்தலாக விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து, 'இருக்கு மாமா' என்பார், அல்லது 'பாதிதான் இறங்கும் மாமா' என்பார். அவர் சொன்னால்தான் மாமனார் வால்வைத் திறப்பார். அந்த ஷெட்டில் அவர் வார்த்தைக்கு மாமனார் காத்திருந்த ஒரே நேரம் அதுதான். டேயோ டாவோ, அந்த ஒரு கேள்வி தன்னுடையது என்ற திருப்தியில் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கும் வந்தது கேடு. சுகாதாரப் பரிசோதனைக்கு வந்தவர்கள், குடிக்கிற பொருளுக்குள் தினமும் கோலை விட்டு எடுக்கிறீர்களே என்று முகம் சுளித்தார்கள். மூடியை இறுக்கி சீல் வைத்தாயிற்று. காற்றுக்காக ஒரு வளைந்த குழாய் மட்டும் டேங்க்கின் மேல் நின்றது. அளவு காட்டும் மீட்டருக்குச் சொல்லியிருந்தார்கள், அது வர நாளாகும். அதுவரை உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாத்தியார்தான் வழி சொன்னார். குளிர்ந்த சாறு எதுவரை நிற்கிறதோ அதுவரை டேங்க்கின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அதற்கு மேல் உலர்ந்து கிடந்தது. டேங்க்கின் தட்டையான வட்ட முகத்தில் அந்த வேர்வை ஒரு நேர்க்கோடாக நின்றது. வாத்தியார் மேல் அறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். அதன் அடிப்பக்கத்தில், நடுவுக்குக் கீழே, குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.

"டேங்க்கோட முகம் ஒரு வட்டம், மாமா. வேர்வை நிக்கிற கோடு அந்த வட்டத்துல ஒரு நாண். நாணோட நீளம் தெரிஞ்சா போதும். அதுல பாதியை எடுத்துக்குங்க. நடுப்புள்ளியிலேருந்து நாணோட நுனிக்கு ஒரு கோடு, அது வட்டத்தோட ஆரம். பாருங்க, ஒரு செங்கோண முக்கோணம் வந்துடுச்சு. ரெண்டு பக்கம் தெரிஞ்சா மூணாவது தானா வரும். நடுப்புள்ளிக்கும் சாறு மட்டத்துக்கும் எவ்வளவு தூரம்னு அது சொல்லிடும். ஆரத்துல அதைக் கழிச்சா ஆழம்."

மாமனார் சுவரைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், பிறகு பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தார். "பாத்தியாடா, மூடியையே திறக்கலே" என்றார்.

பெரிய மாப்பிள்ளைக்கு மார்புக்குள் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் மண்டு அல்ல. வாத்தியார் சொன்னது முழுதும் புரிந்தது. புரிந்ததற்கு மேல் ஒன்றும் தோன்றியது. இதே நீளக் கோட்டை வட்டத்தின் தலைப்பக்கமும் போடலாமே. அகலம் ஒன்றுதான், ஆனால் ஆழம் வேறு. வாத்தியார் சொன்ன கழித்தல் கீழ்க்கோட்டுக்குச் சரி. மேல்கோடாக இருந்தால் கூட்ட வேண்டும் அல்லவா? அன்றைக்கே அதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வாத்தியார் 'ரொம்ப நல்ல கேள்வி' என்பார், இன்னொரு வட்டம் போடுவார், மாமனார் இன்னொரு தடவை வாயைப் பிளப்பார். அந்தக் கண்றாவியை யார் பார்ப்பது என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு சாயங்காலங்களில் வாத்தியாரே டேப்போடு கீழே இறங்கி, அளந்து, கணக்குப் போட்டுச் சொன்னார். 'இடமிருக்கா மாப்பிள்ளை?' என்று மாமனார் கேட்டார். கேள்வி வேறு பக்கம் போய்விட்டது. அதிலிருந்த 'டா'வும் உதிர்ந்துவிட்டது.

அன்றைக்கு ஒரு மத்தியானம். மாமனார் காலையில் வெளியே போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். அண்டாவில் ஆரஞ்சுக் கலவை தயாராக இருந்தது, சீக்கிரம் இறக்காவிட்டால் நுரைத்துக் கெட்டுவிடும். காலையில் பாட்டில்காரர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பது மாமனாருக்குத் தெரியாது. பெரிய மாப்பிள்ளைக்குத் தெரியும். கொஞ்சம்தான் எடுத்தார்கள். டேங்க் கழுத்துவரை நின்றது.

"முழுசும் இறங்காது மாமா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நீ இரு" என்றார் மாமனார், போனை எடுத்தபடி. "வாத்தியாரைக் கேட்டுடுவோம்."

நீ இரு. இரண்டே சொல். மாமனார் அதை ஒரு கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. ஈ வந்தால் கையை வீசுவோமே, அப்படிச் சொன்னார். அதுதான் பெரிய மாப்பிள்ளையால் தாங்க முடியாமல் போயிற்று. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

வாத்தியார் அப்போது வகுப்பில் இருந்தார் போல, பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. "போனை அண்ணன்கிட்ட குடுங்க மாமா" என்றார். பிறகு, "அண்ணே, கோட்டோட நீளத்தை மட்டும் அளந்து சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மட்டும். மத்ததை நான் பாத்துக்கறேன். நல்லது, அப்படியே ஆகட்டும் என்று பெரிய மாப்பிள்ளை தன் போனிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். டேங்க்கின் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். நுழைந்து, கையை உயர்த்தி, தன் கண் மட்டத்தில் நின்ற வேர்வைக் கோட்டின் மேல் டேப்பைப் பிடித்தார். டேங்க்குக்கு வேர்த்த மாதிரி அவருக்கும் நெற்றியில் வேர்த்திருந்தது.

"நூத்தி அறுபது" என்றார் போனில்.

"சென்டிமீட்டர்தானே அண்ணே?"

"ம்."

"வேற ஏதாவது..."

"கேட்டதைச் சொல்லியாச்சுல்ல" என்று வைத்துவிட்டார்.

பாதிக்கு மேலே என்று ஒரு வார்த்தை. அது நாக்கின் நுனியில்தான் இருந்தது. அதை அப்படியே விழுங்கினார். விழுங்கியதும் வயிறு குளுகுளுவென்று இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கணக்கை அவரே மனதில் போட்டுப் பார்த்தார். டேங்க்கின் ஆரம் சரியாக ஒரு மீட்டர், அதாவது நூறு. கோட்டில் பாதி எண்பது. நூறும் எண்பதும் இருந்தால் மூன்றாவது பக்கம் அறுபது. வாத்தியார் நூறில் அறுபதைக் கழிப்பார், ஆழம் நாற்பது என்பார். கால் டேங்க்கூட இல்லை, மொத்தக் கலவையும் தாராளமாக இறங்கும் என்பார். உண்மையில் கூட்ட வேண்டும், நூறும் அறுபதும் சேர்த்து ஆழம் நூற்றி அறுபது. மாமனார் மேலிருந்து, 'வாத்தியார் நாப்பதுங்கறார், வால்வைத் திறக்கலாமா?' என்று கேட்பார். அங்கேதான் தன் காட்சி ஆரம்பம். யாருக்கும் எந்தச் சேதமும் ஆகாது. ஒரு சொட்டு சிந்தாது. வாத்தியாரின் முகத்தில் மட்டும் கொஞ்சம் கரி.

அந்தக் குளிர் அறையில் தனியாக நின்று அவர் ஒத்திகை பார்த்தார். "நாப்பதா? அப்படியா மாமா?" இது சரியில்லை, குத்தல் வெளியே தெரிகிறது. "கொஞ்சம் கீழ வந்து உங்க கண்ணாலயே பாத்துடுங்களேன் மாமா." இது பரவாயில்லை, பணிவாக இருக்கிறது. மாமனார் இறங்கி வருவார், கண் உயரத்தில் நிற்கும் வேர்வையைப் பார்ப்பார், வாய் பேசாமல் நிற்பார். அப்போது, "படிச்சவர், ஏதோ அவசரத்துல..." என்று தானே பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம். அந்தப் பெருந்தன்மை அவருக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

மேலே மாமனாரின் குரல் கேட்டது. மோட்டார் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, வழக்கமான அதே குரல், வழக்கமான அதே கேள்வி.

"மேலயா, கீழயாடா?"

இத்தனை வருஷப் பழக்கம் யோசிக்க விடுமா? "கீழதான் மாமா, கீழதான்" என்று அவர் குரல் கொடுத்தார். கொடுத்துவிட்டு மறுபடியும் பெருந்தன்மைக்குத் திரும்பினார்.

குழாயில் 'குளுக்' என்று ஒரு சத்தம். பிறகு நீளமாக, சாறு இறங்கும் இரைச்சல்.

ஒரு கணம் அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அடுத்த கணம் எல்லாம் விளங்கிற்று. மாமனார் தன்னைத் தேடவில்லை. கோட்டைக் கேட்டார். கோடு பாதிக்கு மேலேயா, கீழேயா என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வி மாமனாரின் மண்டையில் தானாக முளைக்காது. வாத்தியார் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்.

"மாமா, மூடுங்க. மாமா, வால்வை மூடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். மோட்டார் அவர் குரலைத் தின்றுவிட்டது. அவர் சுவருக்கும் டேங்க்குக்கும் நடுவிலிருந்து உரசிக்கொண்டு வெளியே வருவதற்குள் வேர்வைக் கோடு கண் முன்னாலேயே ஏற ஆரம்பித்திருந்தது. ஏற ஏறக் கோடு குறுகியது, வட்டத்தின் உச்சியை நெருங்கியது. படிக்கட்டை நோக்கி ஓடும்போது காற்றுக்குழாய் ஒருமுறை விக்கியது. அப்புறம் ஆரஞ்சுச் சாறு கூரையைத் தொட்டு, அங்கிருந்து அவர் தலையில் இறங்கியது. காதுக்குள், சட்டைக்குள், கண்ணுக்குள். கால் வழுக்கி முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலே வால்வு மூட்டிலும் சாறு பீறிடும் சத்தம், கூடவே மாமனாரின் கத்தல்: "டேய், நிக்கிறியே, திருகுடா. அந்தப் பக்கம் இல்லடா முட்டாளே, இந்தப் பக்கம். விட்டுறாதடா, அழுத்துடா."

"நான் எங்க மாமா திருகறது? நான் கீழல்ல கிடக்கேன்" என்று பெரிய மாப்பிள்ளை படியிலிருந்து பரிதாபமாகப் பதில் சொன்னார்.

"திருகிட்டேன் மாமா, நின்னுடுச்சு" என்று மேலே வேறொரு குரல் மூச்சு வாங்கியது. வாத்தியாரின் குரல்.

குழாய் கடைசியாக ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. மோட்டாரையும் யாரோ நிறுத்தினார்கள். அந்த அமைதியில் சொட்டு சொட்டென்று சாறு விழும் சத்தம் கேட்டது. பெரிய மாப்பிள்ளை முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. அந்த 'டா' தனக்கு வந்தது இல்லை. அந்த 'விட்டுறாதடா' தனக்கு வந்தது இல்லை. வார்த்தைக்கு வார்த்தை தன்னுடையது, பம்ப் குழாய் துள்ளிய அன்றைக்குத் தனக்குக் கிடைத்தது, அதை மாமனார் எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டார். சாறு கண்ணில் எரிந்தது. சாறு மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

மாமனார் படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றார். கீழே கிடந்த கோலத்தைப் பார்த்தார்.

"நீதானடா கீழன்னே?"

"நான் கீழ இருக்கேன்னு சொன்னேன் மாமா."

"நான் கோட்டைக் கேட்டேன்டா. பாதிக்கு மேலயா கீழயான்னு. வாத்தியார் போன்ல ரெண்டு ஆழம் சொன்னாரு. நாப்பது, இல்லேன்னா நூத்தி அறுபது, எதுன்னு அண்ணனைக் கேளுங்க, அவர் சொல்றதுதான் கணக்குன்னாரு. அதான் கேட்டேன்."

"எனக்கென்ன தெரியும்? நீங்க எப்பவும் என்னைத்தானே கேப்பீங்க" என்றார் பெரிய மாப்பிள்ளை. சொல்ல நினைத்தது வேறு. ஆனால் வெளியே வந்தபோது குரல் உடைந்து அது வேறு மாதிரி ஒலித்துவிட்டது. மாமனார் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கீழே வீசினார். "முகத்தைத் தொடைச்சுக்க" என்றுவிட்டு உள்ளே போனார்.

இரண்டு மாப்பிள்ளைகளுமாகத்தான் தரையைக் கழுவினார்கள். வாத்தியார் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வெந்நீரை ஊற்ற, பெரிய மாப்பிள்ளை துடைப்பத்தால் தள்ளினார். வாத்தியாரின் வெள்ளைச் சட்டை ஒரு பக்கம் முழுக்க ஆரஞ்சு. அந்த முகத்தைப் பார்த்தால் தப்பு நடந்த இடத்தில் நிற்கிறவர் மாதிரி இல்லை, பரிசு வாங்கிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

"வகுப்பை விட்டுட்டா வந்தீங்க?" என்று கேட்டார் பெரிய மாப்பிள்ளை, தலை நிமிராமல்.

"பக்கத்து டீச்சரைப் பாத்துக்கச் சொல்லிட்டு ஓடி வந்தேன். மனசே கேக்கல. மாமா சரியா கேப்பாரோ மாட்டாரோன்னு."

"என்னையே கேட்டிருக்கலாம்ல? போன்ல."

வாத்தியார் வெந்நீர் வாளியைக் கீழே வைத்தார். "கேட்டேனே அண்ணே. வேற ஏதாவதுன்னு. நீங்க 'ம்'முன்னு சொன்ன விதத்துலயே தெரிஞ்சுபோச்சு. விடை தெரிஞ்சும் சொல்ல மாட்டேன்னு இருக்கற பசங்க இப்படித்தான் 'ம்' சொல்வாங்க. தினம் பாக்கறேனே."

பெரிய மாப்பிள்ளை துடைப்பத்தைத் தரையில் அழுத்தித் தேய்த்தார், அந்த இடம் ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது. பிடிபட்ட வெட்கம். இவன் மாமாவிடம் சொல்லியிருப்பானோ என்று ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

"சொல்லல" என்றார் வாத்தியார், கேட்காமலே. பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, மாமா என்னை டா போட்டாரு, கேட்டீங்களா?"

"கேட்டுச்சு."

"முட்டாளேன்னாரு."

"அதுவும் கேட்டுச்சு."

"இத்தனை வருஷத்துல முதல் தடவை." வாத்தியாருக்கு வாய் நிறையச் சிரிப்பு. "அந்த நாற்காலியை அவர் துடைக்கறப்பல்லாம் எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருக்கும். எதைத் தொட்டாலும் 'நீங்க விடுங்க மாப்பிள்ளை'. விருந்தாளி மாதிரி வந்து, விருந்தாளி மாதிரி குடிச்சிட்டுப் போகணும். சாக்பீஸையும் டேப்பையும் தவிர இந்த ஷெட்டுல நான் எதையும் தொட்டதில்லை. நீங்க பெட்டியில உக்காந்துக்கிட்டு அவர்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டே டீ குடிப்பீங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன். மகன்கிட்டதான் அப்படிப் பேசுவாங்க. வீட்டுக்குப் போனா உங்க கொழுந்தியாகிட்ட இதைச் சொல்லித்தான் புலம்புவேன்."

பெரிய மாப்பிள்ளைக்கு, தன்னைப் பார்த்தும் ஒருவன் வயிறு எரிந்திருக்கிறான் என்பது முதலில் பாயசம் மாதிரி இனித்தது. அந்த இனிப்பு தொண்டையைத் தாண்டுவதற்குள், இத்தனை நாளாகக் குறை என்று நினைத்துக் கையில் வைத்திருந்தது என்ன என்று புரிந்தது. அது தன் ஒருவனிடம் மட்டும் இருந்ததும், இன்றைக்கு அதில் பாதி போய்விட்டதும் சேர்ந்தே புரிந்தது. பொறாமை முன்னைவிடக் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

"டீ ஆறுது, வாங்கடா" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

வாத்தியார் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். பெரிய மாப்பிள்ளை மெதுவாக ஏறினார். வாங்கடா. 'வாங்க' அவருக்கும் 'டா' தனக்குமா? இல்லை, இரண்டு பேர் என்பதால் 'வாங்க', இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு 'டா'வா? ஒவ்வொரு படியிலும் அதை ஒவ்வொரு விதமாகப் பிரித்துப் பார்த்தார்.

மேலே வந்து பார்த்தால் வாத்தியார் பாட்டில் பெட்டியின் மேல் சப்பணம் கட்டாத குறையாக உட்கார்ந்திருந்தார். கையில் எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. மாமனார் அதன் மேல் தெறித்திருந்த சாற்றைத் துடைத்தார். முதுகைத் துடைத்தார், கைப்பிடிகளைத் துடைத்தார். பிறகு பெரிய மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை" என்றார்.

கேலியா, கீழே உடைந்த குரலைக் கேட்டு மனம் கேட்காமல் சொன்னதா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதுவானால் என்ன. எத்தனையோ சாயங்காலம் ஏங்கிய நாற்காலி, ஏங்கிய 'ங்க'. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. சாசரோடு ஒரு கண்ணாடி டம்ளர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

நேராகப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"வாத்தியாரே, எந்திரிங்க. அது என் இடம்."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. தேன் கிடைத்த பிள்ளை மாதிரி டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் ஓரத்துக்கு நகர்ந்தார். அவ்வளவுதான் நகர்வேன் என்பதுபோல் அங்கேயே நின்றுவிட்டார். பெரிய மாப்பிள்ளை மிச்சமிருந்த பலகையைப் பார்த்தார், வாத்தியாரின் இடுப்பைப் பார்த்தார், தன் இடுப்பை நினைத்துக்கொண்டார். மெல்லத் திரும்பி, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தார். பெட்டி முனகியது. இருவரின் சட்டையும் சாற்றில் ஒட்டிக்கொண்டது.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் காலி நாற்காலியில் தானே உட்கார்ந்தார். சாசரில் டீயை ஊற்றி ஒரு வாய் உறிஞ்சினார். எதிரே ஒரே பெட்டியில் நெருக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் பார்த்தார்.

"இடமிருக்காடா?" என்று கேட்டார்.

பெரிய மாப்பிள்ளையைத்தான் கேட்டார். கண் அவர் மேல்தான் இருந்தது. வாத்தியாரும் டம்ளரை வாயருகே நிறுத்தி, பதிலுக்காக அவரைத்தான் பார்த்தார். பெரிய மாப்பிள்ளை அவசரப்படவில்லை. மூடியைத் திறந்து கோலை விட்டு நனைந்த இடத்தைப் பார்க்கிறவர் மாதிரி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இருக்கு மாமா" என்றார். "கொஞ்சம்தான்."